மண்ணுக்குள் ஓர் அமானிதம்



வெள்ளிக்கிழமைதோறும் கஹ்பு சூரா ஓதப்படும் இல்லங்கள் நம்முடையவை. அதில் நபி மூஸா (அலை) அவர்களும் ஹிள்ர் (அலை) அவர்களும் ஓர் ஊருக்குச் சென்ற வரலாற்றை நீங்கள் பலமுறை ஓதியிருப்பீர்கள். உணவு கேட்டும் தர மறுத்துவிட்ட அந்த ஊரில் ஒரு சுவர் இடிந்து விழும் நிலையில் நிற்கிறது. ஹிள்ர் (அலை) அவர்கள் கூலி ஏதும் வாங்காமல் அதைச் செப்பனிட்டு நிறுத்துகிறார்கள். காரணம் பிறகு தெரிய வருகிறது. சுவரின் அடியில் இரண்டு அநாதைச் சிறுவர்களுக்குரிய புதையல் இருந்தது. அவர்கள் பருவமடைந்து தம் பொருளைத் தாமே எடுத்துக்கொள்ளும்வரை அது மறைந்திருக்க வேண்டும் என்பது இறைநாட்டம்.

புதையல் என்றதும் எடுப்பவனைப் பற்றிய கதைகளே உலகில் மிகுதி. அதை எடுக்காமல் காத்தவரைப் பற்றிய வரலாற்றை நமக்குச் சொன்னது திருமறை. இந்த வேறுபாட்டை மதரஸா வகுப்பில் எத்தனையோ ஆண்டுகள் விளக்கியிருக்கிறேன். ஆனால், அதன் பொருள் என் உள்ளங்கையில் வந்து உறைத்தது, 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு பழைய பண்ணையில்தான். அங்கே உங்களையும் உடன் அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

சஃபோக் நாட்டுப்புறம்

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது இப்ஸ்விச் நகரில் பொறியாளராகப் பணியாற்றுகிறார். அவருடைய அழைப்பின் பேரில் சென்றிருந்தேன். இலண்டனிலிருந்து இரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பயணம். இப்ஸ்விச் நகரைக் கடந்து வடக்கே சென்றால் சஃபோக் மாவட்டத்தின் நாட்டுப்புறம் தொடங்குகிறது. மலை என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. கோதுமையும் வாற்கோதுமையும் சர்க்கரைக் கிழங்கும் விளையும் வயல்கள், அவற்றைப் பிரிக்கும் உயிர்வேலிகள், இளஞ்சிவப்புச் சாந்து பூசிய பழைய வீடுகள், ஊருக்கு ஊர் சிக்கிமுக்கிக் கற்களால் கட்டப்பட்ட தேவாலயக் கோபுரம். தஞ்சைச் சமவெளியில் பிறந்தவருக்கு வயல்வெளியின் அந்த அகலம் அந்நியமாகத் தோன்றாது. வெயில்தான் வேறு.

"ஹஜ்ரத், விடுமுறை நாளில் நான் என்ன செய்வேன் தெரியுமா?" என்று கேட்டவாறே மாணவர் தம் காரின் பின்புறத்தைத் திறந்து காட்டினார். நீண்ட தடி, அதன் நுனியில் தட்டுப்போன்ற வளையம், கைப்பிடியருகே சிறு திரை, காதில் மாட்டும் கருவி. விமான நிலையத்தில் நம் மீது தடவிப் பார்க்கிறார்களே, அந்த மெட்டல் டிடெக்டரின் வயல்வெளி உடன்பிறப்பு அது. அந்நாட்டில் பல்லாயிரவர் ஓய்வு நாட்களில் இதை எடுத்துக்கொண்டு வயல்களுக்குப் போகிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. "புதையல் தேடியா ஐந்து வருஷம் ஓதினீர்கள் தம்பி?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நாளை நீங்களும் வாருங்கள் ஹஜ்ரத். பிறகு சொல்லுங்கள்" என்றார்.

கருவியின் கதை

கருவி செயல்படும் விதம் எளியது. வளையத்தினுள் உள்ள கம்பிச்சுருளில் மாறுமின்சாரம் பாயும்போது அதைச் சுற்றி ஒரு காந்தப்புலம் உண்டாகிறது. அது மண்ணுக்குள் இறங்கி ஓர் உலோகத்தைத் தொட்டால் அவ்வுலோகத்தில் சிறு சுழல் மின்னோட்டம் எழுகிறது. அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்க, மற்றொரு சுருள் அதை உணர்ந்து ஒலியாக மாற்றுகிறது. இரும்புக்குப் பொதுவாகத் தாழ்ந்த ஒலி, வெள்ளிக்கும் செம்புக்கும் உயர்ந்த ஒலி. சிறு காசு ஒன்றை ஒரு சாண் ஆழம்வரை கண்டுகொள்ளும். அதற்கு மேல் மண்ணின் தன்மையையும் பொருளின் அளவையும் பொறுத்தது.

தொலைபேசியால் புகழ்பெற்ற கிரகாம் பெல் 1881-இல் இத்தகைய கருவி ஒன்றை அமைத்து, சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேடினார். படுக்கையிலிருந்த உலோகச் சுருள்கள் குழப்பிவிட்டன. குண்டும் அகப்படவில்லை, அதிபரும் பிழைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல், ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த கொசாட்ஸ்கி என்ற போலந்துப் படை அதிகாரி கையில் ஏந்தும் கண்ணிவெடி காட்டியை வடிவமைத்தார். மறு ஆண்டு எகிப்தின் அல்-அலமைன் பாலைவனத்தில் பாதை திறக்க அது பயன்பட்டது. உயிர் காக்கப் பிறந்த கருவிதான் இன்று உழவு நிலத்தில் பழங்காசு தேடுகிறது.

முதல் வேலை: கதவைத் தட்டுதல்

மறுநாள் காலை நேராக வயலுக்குப் போவோம் என்று எண்ணியிருந்தேன். மாணவர் பண்ணை வீட்டின் முன் காரை நிறுத்தினார். முதிய விவசாயி ஒருவர், தம் நாயுடன் வெளியே வந்தார். மாணவர் என்னை அறிமுகம் செய்து, "இன்று என்னுடன் இவரும் வயலில் இறங்கலாமா?" என்று கேட்டார். ஏற்கெனவே எழுத்து மூலம் அனுமதி பெற்றவர், ஆண்டுக் கணக்கில் அங்கே வந்து போகிறவர், என் ஒருவனுக்காக மீண்டும் கேட்டார். எந்த வயலில் விதைப்பு நடந்திருக்கிறது, எங்கே மாடுகள் நிற்கின்றன, எந்தக் கதவைச் சாத்தியே வைக்க வேண்டும் என்பவற்றை முதியவர் சொல்ல, இவர் குறித்துக்கொண்டார்.

இங்கிலாந்தில் ஒவ்வொரு அங்குல நிலத்துக்கும் ஓர் உடைமையாளர் உண்டு. அவருடைய அனுமதியின்றிக் கருவியுடன் நுழைவது அத்துமீறல். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அரசு அனுமதியின்றிக் கருவியைப் பயன்படுத்துவது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நிலம் குத்தகையில் இருந்தால் குத்தகைக்காரர், உரிமையாளர் இருவரின் இசைவும் தேவை. கிடைப்பதை எப்படிப் பங்கிடுவது என்பதையும் முன்கூட்டியே எழுதிக்கொள்வது நல்லது. உடன்படிக்கைகளை எழுதிக்கொள்ளுமாறு மார்க்கம் நமக்குச் சொல்லித் தந்தது இதற்கும் பொருந்தும் அல்லவா?

அடுத்த வேலை நிலத்தைப் படித்தல். "கண்ட இடத்தில் தேடினால் கால்தான் வலிக்கும். மனிதர் எங்கே நடந்தார், எங்கே நின்றார், எங்கே இளைப்பாறினார் என்று முதலில் யோசிக்க வேண்டும்" என்றார் மாணவர். பழைய பண்ணையில் அத்தகைய இடங்கள் பல. வயலின் நுழைவாயில், நூற்றாண்டு கண்ட ஓக் மரத்தின் நிழல், கிணற்றடி, குட்டைக்கரை, வீட்டிலிருந்து தேவாலயத்துக்குச் செல்லும் வழி. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேவாலய வரிக்காக ஊர் ஊராக வரையப்பட்ட நிலப்படங்கள் உள்ளன. வயல்களின் பழைய பெயர்களும் இடிந்துபோன வீடுகளும் அவற்றில் தெரியும். மாணவரிடம் அந்தப் பண்ணையின் படத்துக்கு ஒரு நகல் இருந்தது.

அரிதாளின் நடுவே

கோதுமை அறுவடை முடிந்து அரிதாள் மட்டும் நின்ற வயல். உழவு தொடங்குவதற்கு முந்தைய அந்த வாரங்களே இவ்வேலைக்கு உகந்தவை. கருவியை என் கையில் தந்து முறையைக் கற்பித்தார் மாணவர். வளையத்தைத் தரையை ஒட்டி, மட்டமாக, மெல்ல வீச வேண்டும். ஊஞ்சலைப் போல இரு முனையிலும் தூக்கிவிடக் கூடாது. ஒரு வீச்சின் பாதியை அடுத்த வீச்சு மூட வேண்டும். ஒலி எழுந்தால் குறுக்கே திரும்பி நின்று மறுபடி வீசிப் பார்க்க வேண்டும். இரு திசையிலும் ஒரே ஒலி கேட்டால்தான் தோண்டலாம். தோண்டிய மண்ணைத் திரும்ப நிரப்பி மிதித்துவிட வேண்டும். புல் நிலமாக இருந்தால் புல்வெளியை மடிப்பாக வெட்டித் திறந்து, பழையபடி மூட வேண்டும். மேய வரும் மாட்டின் கால் குழியில் சிக்கினால் பொறுப்பு நமதே.

ஆசிரியரும் மாணவரும் இடம் மாறிவிட்டோம். "ஹஜ்ரத், அவசரப்படாதீர்கள்" என்று அவர் சொல்லும்போதெல்லாம், தஜ்வீத் வகுப்பில் அவரிடம் நான் சொன்னது நினைவுக்கு வந்தது.

முதல் ஒலிக்குத் தோண்டினேன். துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடிப்பகுதி. இரண்டாவது துருப்பிடித்த ஆணி. மூன்றாவது ஏதோ டிராக்டரின் மரையாணி. நான்காவது மீண்டும் தோட்டா. ஒரு மணி நேரத்தில் என் பை குப்பையால் நிறைந்தது. குப்பையையும் விட்டுச் செல்லக் கூடாது, வெளியே எடுத்துப் போட வேண்டும் என்பது அவர்களின் ஒழுங்கு. பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று கற்பிக்கும் நமக்கு அது கடினமாகவா இருக்கும்? மற்றொரு எச்சரிக்கையும் தந்தார். சஃபோக்கில் போர்க்கால விமானத் தளங்கள் பல இருந்தன. வெடிக்காத குண்டு போன்று எது தென்பட்டாலும் தொடாமல் விலகிக் காவல்துறையை அழைக்க வேண்டும்.

நண்பகலுக்குள் பழைய பித்தளைப் பொத்தான்கள் மூன்று, ஈயக் குண்டு ஒன்று, காலணி வார்ப்பூட்டு ஒன்று ஆகியவை கிடைத்தன. ஒவ்வொன்றையும் தனித்தனி உறையிலிட்டு, கிடைத்த இடத்தைக் கைப்பேசியின் உதவியால் எண்களாகக் குறித்து, படத்தில் ஒரு புள்ளி வைத்தார் மாணவர். "ஒரு பொத்தானுக்கு இத்தனை பத்திரமா?" என்று எனக்குத் தோன்றியது. வேலியோரம் லுஹர் தொழுதோம். கொண்டுவந்ததைப் பகிர்ந்து உண்ணும்போது அவர் ஒரு சுத்தியலின் கதையைச் சொன்னார்.

சுத்தியலைத் தேடியவர்

நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குச் சற்றுத் தொலைவில், அதே சஃபோக் மாவட்டத்தில், ஹாக்ஸன் என்றொரு சிற்றூர். 1992-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அங்கே ஒரு குத்தகை விவசாயி தம் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். அவருடைய நண்பர் எரிக் லாஸ், தோட்டவேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், உலோகங்காட்டும் கருவி வைத்திருந்தார். 16-ஆம் தேதி சுத்தியலைத் தேட வயலில் இறங்கியவருக்கு வெள்ளிக் கரண்டிகளும் பொன்னணிகளும் காசுகளும் தென்பட்டன.

அடுத்து அவர் செய்ததுதான் அவரை வரலாற்றில் நிறுத்தியது. சிலவற்றை எடுத்த அளவில் தோண்டுவதை நிறுத்திவிட்டார். நிலத்தின் உரிமையாளரான மாவட்ட மன்றத்துக்கும் காவல்துறைக்கும் அவரும் நண்பரும் தெரிவித்தனர். தொல்லியலாளர்கள் விரைந்து வந்து முறைப்படி அகழ்ந்தனர். 14,865 உரோமானியக் காசுகள். அவற்றுடன் பொன்னணிகளும் வெள்ளிப் பாத்திரங்களுமாக ஏறத்தாழ 200 பொருள்கள். கி.பி. 407-க்குப் பின், உரோம ஆட்சி பிரிட்டனை விட்டு நீங்கிய கலக்கமான நாட்களில் ஒரு குடும்பம் பெட்டியில் பூட்டிப் புதைத்த செல்வம் அது. புதைத்தவர்கள் திரும்பி வரவே இல்லை.

அப்புதையலில் நான்கு வெள்ளி மிளகுக் குப்பிகள் இருந்தன. அவற்றுள் சீமாட்டி ஒருத்தியின் உருவில் அமைந்த குப்பியைப் பின்னர் இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நான் கண்டேன். அடியிலுள்ள தட்டைத் திருப்பினால் நிரப்பவும் தூவவும் மூடவும் முடியும். அதில் இட்ட மிளகு எங்கிருந்து போயிற்று? நம் மேற்கு மலைச் சாரலிலிருந்து, மலபார்க் கரையில் கப்பலேறி, செங்கடல் வழியாக. ரசத்துக்கு மிளகு தட்டும் சகோதரியரே, உங்கள் அடுக்களைக்கும் அந்தச் சஃபோக் வயலுக்கும் உள்ள உறவு ஆயிரத்து அறுநூறு ஆண்டுப் பழமையுடையது.

1993-இல் அப்புதையல் 17 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு என மதிப்பிடப்பட்டது. அத்தொகை எரிக் லாஸுக்கு வழங்கப்பட்டது. அவர் அதை விவசாய நண்பருடன் பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் அகப்பட்டது! அதுவும் இப்போது அருங்காட்சியகத்தின் உடைமை.

நம் காசும் அங்கே

மற்றொன்றையும் கேளுங்கள். 2007 ஜனவரியில், வடக்கே யார்க்‌ஷயரில் ஹாரோகேட் அருகே ஒரு வயலில், டேவிட் வீலன், ஆண்ட்ரூ வீலன் என்ற தந்தையும் மகனும் பொன்முலாம் பூசிய ஒரு வெள்ளிக் கலத்தைக் கண்டனர். உள்ளே காசுகள் நிறைந்திருப்பது தெரிந்தும் அதைக் கொட்டிப் பார்க்காமல், இருந்தபடியே ஒப்படைத்தனர். அருங்காட்சியக நிபுணர்கள் பொறுமையாகப் பிரித்தபோது 617 வெள்ளிக்காசுகள் வெளிவந்தன. கி.பி. 927-ஐ ஒட்டிப் புதைக்கப்பட்ட வைக்கிங் செல்வம். அவற்றுள் சமர்கந்தில் அச்சிடப்பட்ட திர்ஹங்களும் இருந்தன. அல்லாஹ்வின் பெயரும் அண்ணலாரின் (ஸல்) பெயரும் பொறித்த அந்தத் திர்ஹங்கள், வணிகர் கைமாறிக் கைமாறி, உருசிய ஆறுகளைக் கடந்து, இங்கிலாந்து மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் உறங்கின. 2009-இல் 10 லட்சத்து 82 ஆயிரம் பவுண்டு தந்து இரு அருங்காட்சியகங்கள் அதைக் கூட்டாக வாங்கின.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2015 ஜூன் மாதம், மேற்கே லெம்ஸ்டர் நகரருகே ஒரு பண்ணையில் இரண்டு ஆடவர் நிலத்துக்காரரின் அனுமதியின்றித் தேடி, பொன்னணிகளையும் ஏறத்தாழ 300 காசுகளையும் கண்டெடுத்தனர். அவற்றுள் ஆல்ஃபிரட் மன்னரின் காலத்து அரிய காசுகள் இருந்தன. அவற்றை மறைத்து விற்கத் தொடங்கினர். கைப்பேசியிலிருந்து அழித்த படங்களைக் காவல்துறை மீட்டெடுத்தது. 2019 நவம்பரில் ஒருவருக்குப் பத்து ஆண்டும் மற்றவருக்கு எட்டரை ஆண்டும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனால், வழக்கு நடந்தபோது கைக்கு வந்திருந்த காசுகள் 30 அளவில்தான். முறைப்படி அனுமதி பெற்று அறிவித்திருந்தால் பெரும் தொகையில் பங்கு கிடைத்திருக்கும். ஹலாலாக வந்திருக்க வேண்டியதைத் திருட்டாக்கிக்கொண்ட பேதைமையை என்னென்பது!

என் உள்ளங்கையில் ஒரு சோதனை

அஸருக்குச் சற்று முன், வயலின் நடுவே எனக்கு ஒரு மெல்லிய, உயர்ந்த ஒலி கேட்டது. நாலு விரல் ஆழத்தில், மண்கட்டியினுள், அரை நிலா வடிவில் ஏதோ மின்னியது. விரலால் துடைத்தேன். வெள்ளி. தாளைப் போன்று மெல்லியது. ஒரு புறம் சிலுவைக் கோடு ஓர விளிம்புவரை சென்றது. காசைச் சரிபாதியாக வெட்டியிருந்தார்கள்.

மாணவர் முப்பது கஜ தூரத்தில் முதுகு காட்டி நின்றார். நிலத்துக்காரர் வீட்டினுள் இருந்தார். வாசகர்களே, உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். என் மனம் ஒரு கணம் தடுமாறியது. சின்னஞ்சிறு பொருள். ஒரு துண்டுக்காசை யார் கேட்கப் போகிறார்கள்? ஊருக்குக் கொண்டுபோய் மாணவர்களிடம் காட்டலாமே என்று தோன்றியது. எந்தப் பாடத்தில் காட்டுவது என்றும் மனமே சொல்லியது. லுக்கதா பாடத்தில்! கண்டெடுத்த பொருளை என்ன செய்ய வேண்டும் என்ற சட்டத்தை, கண்டெடுத்து மறைத்த பொருளைக் காட்டி விளக்க நினைத்தேனே என்று உடல் கூசியது. "தம்பி, இங்கே வாருங்கள்!" என்று நான் கூவியது வேண்டியதைவிட உரக்க ஒலித்திருக்க வேண்டும்.

அவர் ஓடி வந்து பார்த்தார். "மாஷா அல்லாஹ்! ஹஜ்ரத், இது மூன்றாம் ஹென்றி மன்னர் தொடங்கிவைத்த பென்னிக் காசு. 1247-இல்தான் சிலுவைக் கோட்டை விளிம்புவரை நீட்டினார்கள். அரைப் பென்னி தனியே இல்லாததால் அந்தக் கோட்டின் வழியே பாதியாக வெட்டிக்கொள்வார்கள். 1280-இல் வட்டமான அரைக் காசு வந்த பின் வெட்டும் வழக்கம் ஒழிந்தது" என்றார். பக்தாது தாத்தாரியரிடம் வீழ்ந்தது 1258-இல். அந்தக் காலத்தை ஒட்டி இந்தப் பாதைக்காசைப் பறிகொடுத்த ஓர் ஏழை, அன்று மாலை எவ்வளவு தேடியிருப்பார்!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தனியாகக் கிடைத்த ஒற்றைக் காசு அந்நாட்டுச் சட்டப்படி "புதையல்" ஆகாது. அதை அறிவித்தே ஆக வேண்டும் என்று அரசு என்னைக் கட்டாயப்படுத்தாது. நிலத்துக்காரருக்குக் கொடுத்த வாக்கும், அதைப் பார்த்திருந்த அல்லாஹ்வும் மட்டுமே எனக்குச் சாட்சி.

இடம் என்னும் சனது

மாலையில் பண்ணை வீட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பினார் மாணவர். முதியவர் காசைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். விலை என்ன என்று கேட்கவில்லை. "எந்த இடத்தில்?" என்றுதான் கேட்டார். மாணவர் நிலப்படத்தை விரித்தார். அன்றும் அதற்கு முன்பும் கிடைத்த பொத்தான்கள், ஈயக் குண்டு, வார்ப்பூட்டு, இந்தக் காசு ஆகியவற்றின் புள்ளிகள் வயலின் குறுக்கே ஏறக்குறைய ஒரே கோட்டில் விழுந்திருந்தன. அந்தக் கோட்டை நீட்டினால் தேவாலயக் கோபுரத்தில் போய் முடிந்தது. முதியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த வயல் வழியே ஒரு நடைபாதை இருந்ததாக என் பாட்டனார் சொல்வார். நாங்கள் யாரும் நம்பவில்லை" என்றார். வரி நிலப்படத்தில்கூட அப்பாதை இல்லை.

எனக்கு அப்போதுதான் பொத்தானுக்குச் செய்த பத்திரத்தின் பொருள் விளங்கியது. ஹதீஸ் கலையில் மூலத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? யார் யாரிடம் கேட்டார் என்ற சனது வேண்டும். சனது அறுந்த செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் சான்றாகாது. மண்ணிலிருந்து வரும் பொருளுக்கு அது கிடந்த இடமே சனது. அந்தக் காசு என் சட்டைப் பையில் போயிருந்தால், அது ஒரு பழைய வெள்ளித் துண்டு. தன் இடத்தோடு சேர்ந்திருந்ததால் அது ஒரு பாதைக்குச் சாட்சி. ஹாக்ஸன் முதியவர் தோண்டுவதை நிறுத்தியதால்தான் பெட்டி எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்பதுவரை அறிய முடிந்தது. லெம்ஸ்டர் திருடர்கள் காசுகளை மட்டுமா திருடினார்கள்? சனதையும் அல்லவா அறுத்துவிட்டார்கள்!

கண்டெடுத்த பொருளின் பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் எண்ணிக்கையையும் நன்கு அறிந்துகொண்டு, ஓர் ஆண்டு அறிவிப்புச் செய்யுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை நாம் அறிவோம். பொருளோடு அதன் அடையாளத்தையும் காப்பது கண்டெடுத்தவர் கடமை என்பதே அதன் சாரம். பழங்காலப் புதையலாகிய ரிகாஸில் ஐந்தில் ஒரு பங்கு கடமை என்பதும் நமக்குத் தெரியும். ஷாஃபிஈ மத்ஹபில் இஸ்லாத்துக்கு முற்காலத்துப் புதையலே ரிகாஸ் எனப்படும். இஸ்லாமிய அடையாளமுள்ள பொருளுக்கு லுக்கதாவின் சட்டம். பிறருடைய நிலத்தில் கிடைத்தால் நிலத்துக்காரரின் உரிமை முன்னிற்கும். நாம் வாழும் நாட்டின் சட்டத்துக்கும் செய்துகொண்ட உடன்படிக்கைக்கும் கட்டுப்படுவது இவற்றோடு சேர்ந்த கடமை. குறிப்பான நிலைக்கு உங்கள் ஊர் ஆலிம்களிடம் விளக்கம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

உங்கள் பிள்ளைகளோ பேரர்களோ இங்கிலாந்தில் இருந்து, இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட விரும்பினால், இவற்றைச் சொல்லி அனுப்புங்கள்.

சில நூறு பவுண்டில் கிடைக்கும் எளிய கருவியே தொடக்கத்துக்குப் போதும். வீட்டுத் தோட்டத்தில் காசைப் புதைத்து ஒலிகளைப் பழகிக்கொள்ளட்டும். அனுமதி பெறாத நிலத்தில் கால் வைக்க வேண்டாம். உழுத மண்ணின் ஆழத்தைத் தாண்டித் தோண்ட வேண்டாம். பொருள்கள் குவியலாகத் தென்பட்டால் கையை எடுத்துவிட்டு, தொல்லியலாளரை அழைக்கட்டும். 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொன், வெள்ளிப் பொருள்களையும், ஒரே இடத்தில் கிடைத்த பழங்காசுகளையும் 14 நாட்களுக்குள் கொரோனர் என்னும் விசாரணை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். 2023 முதல் 200 ஆண்டுக்கு மேற்பட்ட, தனிச்சிறப்பு வாய்ந்த வேறு சில பொருள்களும் இதில் அடங்கும். அருங்காட்சியகம் வாங்கினால் வெகுமதி பொதுவாகக் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பாதிப் பாதி. புதையல் அல்லாத சிறு பொருள்களையும் பதிவு செய்ய 1997-இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. இதுவரை 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் பதிவாகியுள்ளன. எங்கள் அரைக் காசும் அந்தப் பதிவுக்காகச் சஃபோக் அலுவலரிடம் ஒப்படைக்கப்பட்டு, பின் முதியவரிடமே திரும்பியது.

இதைப் படித்துவிட்டு நம் கடற்கரையிலோ பழைய தோப்பிலோ கருவியுடன் இறங்க எவரும் எண்ணிவிட வேண்டாம். நம் நாட்டில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. மண்ணில் மறைந்து கிடந்து அகப்படும் பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது ஒரு பானை தட்டுப்பட்டால், அதை உடைத்துப் பங்கிடுவதற்கு முன் இந்தக் கட்டுரையை ஒரு கணம் நினைவுகூருங்கள்.

விடைபெறும்போது முதியவர் எங்களைத் தம் வயலின் விளிம்புவரை அழைத்துச் சென்றார். கோபுரத்தைச் சுட்டி, அரிதாளின் குறுக்கே கையால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். அந்தப் பாதை மீண்டும் அவருக்குக் கிடைத்துவிட்டது.

ஊர் திரும்பிய பின் லுக்கதா பாடத்தை நடத்தினேன். கையில் காசு இல்லை. அதன் கதை இருந்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் அமானிதம் பேணும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.